கேமராவும் கணினியும் ஒத்துப்போன பத்து ஆண்டுகள்

2001 வாக்கில் ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ ஹேண்டிகேம் விலை கேட்டவர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். பெரும்பாலோர் "ஜூம் எவ்வளவு?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நூற்றுக்கணக்கான மடங்கு என்று டிஜிட்டல் ஜூமைக் கொட்டை எழுத்தில் அச்சிட்ட பெட்டியைக் கடைக்காரரும் திருப்பிக் காட்டுவார். இன்னொரு வகையினர் ஜூமைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். கேமராவைக் கையில் வாங்கி, பக்கவாட்டில் இருக்கும் ரப்பர் மூடியை நகத்தால் நெம்பி, உள்ளே நான்கு பின் கொண்ட குட்டிச் சாக்கெட் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எடுத்த படத்தை வீட்டுக் கணினியில் தானே வெட்டி, தானே பாட்டுச் சேர்க்க ஆசைப்பட்டவர்கள் இவர்கள்.

அந்தச் சாக்கெட்டுக்கு ஆப்பிள் வைத்த பெயர் ஃபயர்வயர். சோனி ஐ-லிங்க் என்றது. வேறு சில கம்பெனிகள் டிவி (DV) என்று இரண்டே எழுத்தைப் பொறித்தன. மூன்றும் ஒன்றேதான் என்று தெரியாமல் கடை கடையாக அலைந்தவர்கள் உண்டு. இன்று வீடியோ எடுக்க நினைப்பவர் எந்தச் சாக்கெட்டையும் பார்ப்பதில்லை. ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கும் ஃபோனை எடுக்கிறார். கேமராவும் கணினியும் ஒத்துப்போகுமா என்ற கேள்வி ஒழிந்துவிட்டதைப் போலத் தெரியும். அது ஒழியவில்லை. அன்று பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டார்கள். இன்று கல்யாணம் முடிந்து, விருந்தினர் ஊருக்குப் போய், நள்ளிரவில் டைம்லைனில் கிளிப்பை இழுத்துப் போட்ட பிறகு கேட்கிறோம்.

டிஜிட்டலுக்கு முந்தைய காலத்தில் வீட்டுக்காரருக்கு இந்தக் கவலை இருந்ததே இல்லை, ஏனென்றால் எடிட்டிங் அவர் வேலையாக இல்லை. பானசோனிக் எம்7 போன்ற கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடியோக்காரர் வருவார். அவர் பின்னாலேயே கண்ணைக் கூசவைக்கும் லைட்டைப் பிடித்தபடி ஒரு பையன் நடப்பான். பதிவான கேசட் மிக்ஸிங் நடக்கும் இடத்துக்குப் போய், மணப்பெண் முகம் ரோஜாவுக்குள் மலர, மாப்பிள்ளை முகம் இதய வடிவத்துக்குள் சுழல, சினிமாப் பாட்டுடன் திரும்பி வரும். வீட்டிலேயே முயன்றவர்கள் இரண்டு வி.சி.ஆர்.களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் ப்ளேயும் மற்றொன்றில் ரெக்கார்டும் அழுத்திப் பார்த்தார்கள். ஒரு பிரதி எடுத்தால் சிவப்புப் புடவை கரை தாண்டி ஒழுகும். அதிலிருந்து இன்னொரு பிரதி எடுத்தால் மாமியார் யார், நாத்தனார் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1995-ல் வந்த டிவி என்ற டிஜிட்டல் வடிவம் இந்தக் கதையைத் திருப்பிப் போட்டது. ஒன்றோடொன்று போட்டி போட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்ட வடிவம் அது. அதே ஆண்டில் வந்த சோனி விஎக்ஸ்1000 கேமராவில் ஃபயர்வயர் சாக்கெட் இருந்தது. டேப்பில் எந்த எண்கள் பதிவாகியிருந்தனவோ, அதே எண்கள் வயர் வழியாக அப்படியே கணினிக்குள் இறங்கின. எத்தனை பிரதி எடுத்தாலும் சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

எடிட்டிங்குக்கு அது ஏன் அவ்வளவு தோதாக இருந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும், பின்னால் வந்த எல்லாத் தொல்லையும் இதில்தான் தொடங்குகிறது. நம் ஊர்த் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் விநாடிக்கு 25 ஃப்ரேம். டிவி ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் சரியாக 1,44,000 பைட் ஒதுக்கியது. முன்னால் உள்ள ஃப்ரேமையோ பின்னால் உள்ளதையோ எட்டிப் பார்க்காமல் எதையும் திறக்கலாம், எந்த இடத்திலும் வெட்டலாம். வெட்டி ஒட்டிய இடங்களில், டைட்டிலோ மங்கி மாறும் எஃபெக்ட்டோ போட்ட ஃப்ரேம்களை மட்டும் கணினி புதிதாக உருவாக்கினால், அதாவது ரெண்டர் செய்தால், போதும். மற்றவை வந்தபடியே வெளியே போகும். அன்றைய பென்டியம் 3 கூட மூச்சு வாங்காமல் ஈடுகொடுத்ததற்கு இதுதான் காரணம்.

இதற்கான விலை இடம். விநாடிக்கு 3.6 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிகாபைட். அப்போது புதுக் கணினியோடு வந்த ஹார்ட் டிஸ்க்கே 10, 20 ஜிகாபைட்தான். விண்டோஸ் 98 பயன்படுத்திய ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிகாபைட்டைத் தாண்டக் கூடாது, அதாவது பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஒரே துண்டாகக் கிடைக்காது. ஒரு மணி நேர கேசட்டைக் கணினியில் இறக்க, அதாவது கேப்ச்சர் செய்ய, ஒரு மணி நேரம் ஆகும். நடுவில் யாராவது வேறொரு புரோகிராமைத் திறந்தால் ஃப்ரேம்கள் உதிரும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கேப்ச்சர் நடக்கும்போது கம்ப்யூட்டர் பக்கம் குழந்தைகளை அண்டவிடாத வீடுகள் எனக்குத் தெரியும். கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ரெண்டருக்காகவே யு.பி.எஸ். வாங்கிய காலம்.

சாஃப்ட்வேர் பக்கத்தில் 1999 முக்கியமான ஆண்டு. அந்த அக்டோபரில் ஆப்பிள் ஐமேக் டிவி என்ற கணினியோடு ஐமூவியையும் இலவசமாகக் கொடுத்தது. கேமராவைச் செருகினால் திரையிலேயே ப்ளே, ரீவைண்ட் பட்டன்கள் வரும். கேமராவைத் தொடாமலே டேப்பை ஓட்டலாம். பதிவின்போது டேப்பில் தேதியும் நேரமும் சேர்ந்தே பதிவாகியிருப்பதால், காட்சி மாறுகிற இடத்தில் கிளிப்கள் தாமாகவே பிரிந்துகொண்டன. மேக் வாங்க முடியாத நம்மில் பலருக்கு 2000-ல் விண்டோஸ் மில்லெனியத்தோடு வந்த மூவி மேக்கர் ஏமாற்றமாகவே இருந்தது. உருப்படியானது 2002-ல் வந்த இரண்டாம் பதிப்புதான். தொழில் செய்தவர்கள் அடோபி பிரீமியரோடு மேட்ராக்ஸ், கனோபஸ் கார்டுகளை வைத்துக்கொண்டார்கள். பிறகு கனோபஸின் எடியஸ் தமிழ்நாட்டுக் கல்யாண எடிட்டர்களின் சொந்தச் சொத்தைப் போலவே ஆகிவிட்டது. வெளியே வந்த படம் வி.சி.டி.யில் 352-க்கு 288 என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். இவ்வளவு பாடும் அந்த மங்கல் படத்துக்காகவா என்று யாரும் கேட்கவில்லை.

ஆக, அன்று கேமரா வாங்கும் முன் பார்க்க வேண்டியவை கண்ணுக்குத் தெரிந்தன. கேமராவில் நான்கு பின் சாக்கெட். கணினியில் ஆறு பின் சாக்கெட். இல்லையென்றால் ஒரு பிசிஐ கார்டு. இரண்டையும் சேர்க்கும் வயர். இங்கேயும் ஒரு பொறி இருந்தது. "யூ.எஸ்.பி.யும் இருக்கு சார்" என்று கடைக்காரர் சொல்வார், அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அன்றைய யூ.எஸ்.பி.யின் வேகம் விநாடிக்கு 12 மெகாபிட், டிவி படத்துக்கோ 25 வேண்டும். அந்த யூ.எஸ்.பி. மெமரி ஸ்டிக்கில் எடுத்த ஸ்டில் படங்களை இறக்கவும், வெப்கேமாக வைத்துக்கொள்ளவும் மட்டுமே ஆனது. வீட்டுக்கு வந்து செருகிப் பார்த்தவருக்கு அஞ்சல் தலை அளவில் திக்கித் திக்கி ஓடும் படம் கிடைத்தது.

இன்னொரு பொறி பாசத்தோடு வந்தது. அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்த கேமரா அந்த நாட்டு என்.டி.எஸ்.சி. முறை, விநாடிக்கு ஏறத்தாழ 30 ஃப்ரேம். சிங்கப்பூர் முஸ்தபாவில் சித்தப்பா வாங்கியது பால், 25 ஃப்ரேம். ஒரே நிச்சயதார்த்தத்தை இரண்டிலும் எடுத்து ஒரே டைம்லைனில் போட்டால், ஒன்றின் அசைவு நொண்டும். அல்லது ஒலி தனியாகப் போகும். லண்டன் உறவினர் அனுப்பியதில் வேறொரு வேடிக்கை. படம் கேமராவிலிருந்து கணினிக்குப் போகும், கணினியிலிருந்து கேமராவுக்குத் திரும்பி வராது. வெளியிலிருந்து பதிவு செய்யும் வசதி இருந்தால் அதை ரெக்கார்டர் என்று கணக்கிட்டு ஐரோப்பிய நாடுகளில் கூடுதல் வரி போட்டார்கள். வரியைத் தவிர்க்கக் கம்பெனிகள் அந்த வழியை உள்ளேயே அடைத்து விற்றன. சுங்கச் சட்டம் எடிட்டிங் டேபிள்வரை வரும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

அந்தக் காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேமரா வகை விஎக்ஸ்1000 அல்ல, 1999-ல் சோனி கொண்டுவந்த டிஜிட்டல்8. பார்க்கக் கொஞ்சம் குண்டு, பழைய ஹை8 கேசட்டையே போட்டுக்கொள்ளும், ஆனால் அதில் டிவி வடிவத்தில் பதியும். பல மாடல்களில் பத்து ஆண்டுக்கு முந்தைய அனலாக் 8 மி.மீ. கேசட்டைப் போட்டாலும் அதை அப்போதே டிஜிட்டலாக மாற்றி ஃபயர்வயர் வழியாக அனுப்பிவிடும். பழையதைக் கைவிடாமல் புதியதோடு பேசத் தெரிந்த கருவி அது. அதே கம்பெனிதான் இரண்டே ஆண்டு கழித்து மைக்ரோ எம்.வி. என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. டிவி கேமராக்களின் மினி டிவி கேசட்டையே பெரிதாகக் காட்டும் அளவுக்குக் குட்டி டேப், உள்ளங்கையில் ஒளியும் கேமரா, ஃபயர்வயர் சாக்கெட்டும் இருந்தது. ஆனால் வயரில் வந்தது டிவி இல்லை, எம்பெக்-2. ஐமூவிக்கும் மூவி மேக்கருக்கும் அது புரியவில்லை. சோனியே கொடுத்த சாஃப்ட்வேரை நம்பித்தான் பிழைக்க வேண்டும். சில ஆண்டுகளில் அந்தக் கேமரா வகையே நின்றுபோனது. சாக்கெட் பொருந்தினால் போதும் என்று நம்பியவர்களுக்கு விழுந்த முதல் அடி அது.

2003-லிருந்து அந்த அடி எல்லோருக்கும் விழத் தொடங்கியது. டேப்பை ரீவைண்ட் செய்வதில் சலித்துப்போன வீட்டுக்காரர்களுக்காக டிவிடி கேமராக்கள் வந்தன. எட்டு செ.மீ. வட்டத்தகட்டில் பதியும், எடுத்து டிவிடி ப்ளேயரில் போட்டால் உடனே பார்க்கலாம். பார்க்க மட்டுமே என்றால் அருமை. எடிட் செய்ய வேண்டுமென்றால், முதலில் தகட்டை ஃபைனலைஸ் செய்ய வேண்டும், பிறகு ஏற்கெனவே நன்றாகப் பிழியப்பட்ட எம்பெக்-2 படத்தை மறுபடி பிரிக்க வேண்டும். தகட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் மேக் கணினிகளில் அந்தக் குட்டித் தகட்டைப் போடவே கூடாது. அடுத்து ஜேவிசி எவரியோ போன்ற ஹார்ட் டிஸ்க் கேமராக்கள். ஃபைல் பெயரின் வால் .எம்ஓடி என்று இருக்கும். எந்த சாஃப்ட்வேரும் சீண்டாது. வாலை .எம்பிஜி என்று மாற்றினால் திறக்கும். ஆனால் அகலத் திரைக் குறிப்பு தொலைந்து, எல்லோரும் ஒல்லியாக, உயரமாகத் தெரிவார்கள். அத்தையருக்கு அது பிடித்திருக்கலாம்.

2006-ல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த ஏவிசிஹெச்டி, ஹைடெஃபினிஷன் படத்தை டிவி எடுத்துக்கொண்ட இடத்துக்கும் குறைவான இடத்தில் அடக்கியது. வித்தை எளிது, ஆனால் கொடூரம்: இடையிடையே ஒரு முழு ஃப்ரேமை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் உள்ளவற்றுக்கு என்ன மாறியது என்ற குறிப்பை மட்டும் எழுதி வைப்பது. எடுப்பவருக்குச் சுலபம், கார்டுக்குச் சிக்கனம். நடுவில் ஒரு ஃப்ரேமில் வெட்ட வேண்டுமென்றால் கணினி முன்னும் பின்னும் ஓடி, கணக்குப் போட்டு அந்த ஃப்ரேமைக் கட்டியெழுப்ப வேண்டும். பென்டியம் 4 கணினிகள் இதில் திணறின. 2007-ல் வந்த ஐமூவி 08 ஏவிசிஹெச்டியை ஏற்றது, அதுவும் இன்டெல் மேக்கில் மட்டும். ஏற்றபோதே வேறொரு வடிவத்துக்கு மாற்றிப் பல மடங்கு இடத்தை விழுங்கியது. போதாததற்குப் பழகிய டைம்லைனையே தூக்கிவிட்டார்கள். பயனர்கள் போட்ட சத்தத்தில், ஆப்பிள் பழைய பதிப்பையும் இலவசமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கார்டிலிருந்து படத்தை எடுப்பதிலும் ஒரு சூட்சுமம் புதிதாகச் சேர்ந்தது. நீண்ட பதிவைக் கேமரா தானாகவே துண்டு துண்டாக எழுதும். அந்தப் பழைய 4 ஜிகாபைட் எல்லைதான் காரணம். ஸ்ட்ரீம் என்ற ஃபோல்டரில் உள்ள .எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் காப்பி செய்தால், துண்டுகள் சேரும் இடத்தில் ஒலி விக்கும். கார்டில் உள்ளதை ஃபோல்டர் அமைப்போடு முழுதாகக் காப்பி செய்ய வேண்டும். எடுத்தவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. நாதஸ்வரக் கச்சேரியின் நடுவே ஒரு கணம் அறுந்துபோன பதிவுகள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன.

ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றுதான் என்று இப்போது திரும்பிப் பார்க்கும்போது தெரிகிறது. கேமராவில் சுமை குறைந்தது, அந்தச் சுமையைக் கணினி தலையில் ஏற்றினார்கள். டிவி டேப் ஓடிய பத்துச் சொச்ச ஆண்டுகளில் மட்டுமே இரண்டும் சமமாகச் சுமந்தன.

2008 கடைசியில் வந்த கேனான் 5டி மார்க் 2 என்ற ஸ்டில் கேமரா, முழு ஹைடெஃபினிஷன் வீடியோவும் எடுத்தது. கல்யாண வீடியோக்காரர்கள் சோனி பிடி170-ஐ மெல்ல மெல்ல அலமாரியில் வைத்துவிட்டு லென்ஸ் வாங்கத் தொடங்கினார்கள். தாலி கட்டும்போது பின்புலம் மங்கி முகம் மட்டும் மின்னும் அழகுக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்கள்: ஒரு தடவைக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் பதியும், ஆரம்பத்தில் 30 ஃப்ரேம் தவிர வேறு வழியில்லை. பின்னால் வந்த பல ஸ்டில் கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் நின்றதற்கும் ஐரோப்பாவின் அதே சுங்க வரிப் பட்டியல்தான் காரணம்; அரை மணி பதிந்தால் அதை வீடியோ கேமரா என்று கணக்கிட்டார்கள்.

ஃபோனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோர் கையிலும் இருக்கிறது. 2010-ல் ஐஃபோன் 4 வந்தபோது எடுக்கும் கருவியும் எடிட் செய்யும் கருவியும் ஒன்றேயாகிவிட்டன. கைன்மாஸ்டரிலோ இன்ஷாட்டிலோ வெட்டி அப்படியே வாட்ஸ்அப்பில் போடுகிறவருக்கு ஒத்துப்போகுமா என்ற பிரச்சினையே கிடையாது. ஃபோனை விட்டு வெளியே வந்து, பெரிய திரையில், இரண்டு மூன்று பேர் எடுத்ததைச் சேர்க்க உட்காரும்போதுதான் பழைய பேய்கள் புதுச் சட்டையில் வருகின்றன.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஐஃபோனில் 4கே, 30 ஃப்ரேம், ஹெச்இவிசி என்ற புதிய சுருக்க வடிவத்தில் நிமிடத்துக்குச் சுமார் 170 மெகாபைட் என்று ஆப்பிள் சொல்கிறது. ஒரு மணிக்குப் பத்து ஜிகாபைட். பழைய டிவி 13. படப்புள்ளிகளை எண்ணினால் 4கே, டிவியைப் போல இருபது மடங்கு. இருபது மடங்கு படம் முன்பைவிடச் சிறிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றால், அதை அவிழ்க்கும் வேலை எங்கே போயிருக்கும்? ஐந்தாறு வயதான லேப்டாப்பில் ஃபேன் அலறுவது அதனால்தான். விண்டோஸில் ஹெச்இவிசி திறக்காமல், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் தனி நீட்சி வாங்கச் சொல்லும். படம் வந்தாலும், ஹெச்டிஆர் என்ற முறையில் எடுத்தது பழைய சாஃப்ட்வேரில் வெளிறிப்போய்த் தெரியும்.

இன்னும் நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. பல ஃபோன்கள் சீரான வேகத்தில் ஃப்ரேம் எடுப்பதில்லை; வெளிச்சம் குறைந்தாலோ சூடேறினாலோ கொஞ்சம் நிதானிக்கும். ஃபோனில் பார்த்தால் தெரியாது. எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒவ்வொரு விநாடிக்கும் ஒரே எண்ணிக்கை என்று நினைத்து எண்ணும்போது, பத்து நிமிடம் போவதற்குள் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். பிரீமியர் 2018-ல்தான் இதற்கு வழி செய்தது. மற்றவற்றில் ஹேண்ட்பிரேக் போன்ற இலவசக் கருவியால் சீரான வேகத்துக்கு மாற்றிக்கொண்டு ஆரம்பிப்பதே நல்லது.

பால், என்.டி.எஸ்.சி. சண்டையும் ஓயவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 ஃப்ரேமில் எடுத்தால் மண்டபத்து ட்யூப்லைட்டும் மலிவான சீரியல் செட்டும் படத்தில் துடிக்கலாம். ஐஃபோன் செட்டிங்ஸில் கேமராவுக்குள் போய்ப் பார்த்தால் பால் வடிவங்களைக் காட்டு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டால் 25 ஃப்ரேம் கிடைக்கும். தொலைக்காட்சிப் பெட்டியோடு செத்துவிட்டதாக நாம் நினைத்த எழுத்துகள். நிகழ்ச்சிக்கு முன் எல்லா ஃபோன்களையும் ஒரே ஃப்ரேம் வேகத்தில் வைத்து, ஹெச்டிஆரை அணைத்து, மிகவும் பழைய கணினியாக இருந்தால் ஹெச்இவிசிக்குப் பதில் பழைய ஹெச்.264 வடிவத்தைத் தேர்ந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இப்போதைய ரப்பர் மூடி இந்த மூன்று அமைப்புகள்தான்.

ஹேண்டிகேமுக்கு இன்னும் இடம் இருக்கிறதா? இருக்கிறது, மிகக் குறுகலாக. மார்கழிக் கச்சேரி, பள்ளி ஆண்டுவிழா, அரங்கேற்றம் என்று இரண்டரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்று எடுக்க வேண்டியவற்றுக்கு, சூடாகாத, கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து மேடையை எட்டும் உண்மையான லென்ஸ் ஜூம் கொண்ட, மைக் செருக இடம் உள்ள ஒன்றை எந்த ஃபோனும் ஈடுசெய்யவில்லை. வாங்குகிறவர் பழைய வரிசையையே பின்பற்றட்டும்: முதலில் தன் கணினியும் சாஃப்ட்வேரும் எதைத் தடுமாறாமல் ஓட்டுகின்றன என்று பார்த்துவிட்டு, பிறகு கேமரா. கடையிலேயே உங்கள் கார்டில் இரண்டு நிமிடம் எடுத்து வந்து வீட்டில் டைம்லைனில் ஓட்டிப் பார்க்கலாம். அன்று வயரில்லாமல் முடியாத சோதனை இது. 64 ஜிகாபைட்டும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருவதால், 4 ஜிகாபைட் தொல்லையும் பெரும்பாலும் தீர்ந்தது.

அவசரம் வேறிடத்தில் இருக்கிறது. பீரோவில் கிடக்கும் மினி டிவி கேசட்டுகளை இறக்க ஃபயர்வயர் வேண்டும். 2012-ல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவிலேயே அந்தச் சாக்கெட் இல்லை. அடாப்டர் போட்டுச் சமாளித்தவர்களுக்கு, 2025-ல் வந்த மேக்ஓஎஸ் 26 அந்த வழியையும் மூடிவிட்டது. சாக்கெட்டோ பிசிஐ கார்டோ உள்ள பழைய கணினி இருந்தால் அதில் எதையும் அப்டேட் செய்யாமல் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை ஈரப்பதத்தில் டேப்பில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தால் கேமராவுக்குள் போடாதீர்கள், ஒரு கேசட் ஹெட்டையே கெடுத்துவிடும். காசை மிச்சப்படுத்த எல்பி முறையில் தொண்ணூறு நிமிடமாக நீட்டிப் பதிந்தவை, பதிந்த கேமராவில் மட்டுமே ஒழுங்காக ஓடும் சாத்தியம் அதிகம். அதனால் பேட்டரி செத்த அந்தக் கேமராவைப் பழைய சாமான்காரரிடம் போடும் முன் கேசட்டுகளைப் பார்த்துவிடுங்கள். இறக்கும்போது டிவி வடிவத்திலேயே இறக்கி, மணிக்கு 13 ஜிகாபைட் ஆனாலும் அப்படியே வைத்துக்கொள்ளலாம், இன்றைய டிஸ்க்குக்கு அது ஒரு சுமையில்லை. உறவினர்களுக்கு அனுப்ப எம்பி4-ல் ஒரு பிரதி தனியாக எடுத்தால் போதும்.